பெயிண்ட் கடைசியில்தான்: மன்றக் கட்டடத்தைச் சரிசெய்யப் போறவங்களுக்கு ஒரு பாடம்

நம்மில் பாதிப் பேரோட ஊரில் ஒரு இளைஞர் நற்பணி மன்றம் இருக்கும். ஒரு ஹால், ஒரு கேரம் போர்டு, சுவரில் பழைய பொங்கல் விளையாட்டுப் போட்டி போட்டோக்கள், மூலையில் ரெண்டு பீரோ நிறைய குரூப் 4 கைடுகள். சாயங்காலம் ஆனா சின்னப் பசங்களுக்கு அங்கேதான் ட்யூஷன். தேர்தல் நாளில் அது பூத், மழை வெள்ளம் வந்தா அதுவே முகாம். ஊரோட பொது அறைன்னு சொல்லணும்னா அதுதான்.

அந்த ஹால் பழசாகிடுச்சுன்னு தெரிஞ்சதும் நாம முதலில் செய்யறது என்ன? வாட்ஸ்அப் குரூப், நன்கொடை லிஸ்ட், பத்து பக்கெட் பெயிண்ட். ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் கட்டடம் பளபளன்னு ஆயிடும். ஆனா சீலிங்கில் தெரிஞ்ச துருக் கறையும் அதோட மறைஞ்சுடும். கறை ஒரு எச்சரிக்கை. அதை மூடிட்டு, அதுக்குக் கீழே இருபது பிள்ளைகளை உட்கார வச்சுப் பாடம் நடத்தறோம். இந்தக் கட்டுரை அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

நான் சிவில். ஆனா இதை எல்லா டிபார்ட்மெண்டுக்கும் சேர்த்துதான் எழுதறேன். ஏன்னா என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாமில் சாந்துச் சட்டி தூக்கறது எல்லா பிராஞ்சும்தான்!

முதல் நாள்: கையில் பிரஷ் வேண்டாம், நோட்டு போதும்

முதல் நாள் வேலை பார்க்கறது மட்டும்தான். முடிஞ்சா மழை பெய்து ஓய்ஞ்ச மறுநாள் போங்க. கட்டடம் தன்னோட எல்லா ரகசியத்தையும் அன்னைக்குச் சொல்லிடும்.

ஹாலின் பிளானை ஒரு தாளில் வரைஞ்சுக்கோங்க. அளவு டேப் வச்சு நீளம், அகலம், உயரம் எடுங்க. எங்கே ஈரம், எங்கே விரிசல், எங்கே பூச்சு உப்பியிருக்கு, எங்கே கம்பி தெரியுதுன்னு ஒவ்வொண்ணையும் அந்தப் பிளானில் குறிங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க.

அப்புறம் தட்டிப் பார்க்கணும். நீளமான மூங்கில் கழியால் சீலிங்கை மெதுவா தட்டுங்க. நல்ல கான்கிரீட் "டங்"னு கெட்டியா சத்தம் தரும். உள்ளே பிரிஞ்சிருந்தா "டொப்"னு பொள்ளல் சத்தம் வரும். காய் வாங்கும்போது தேங்காயைத் தட்டிப் பார்க்கற அதே புத்திதான். தட்டற இடத்துக்கு நேர் கீழே நிற்காதீங்க. ஹெல்மெட் போட்டு, ஒதுங்கி நின்னு தட்டுங்க. பொள்ளல் சத்தம் வர்ற இடங்களைப் பிளானில் சிவப்பில் வட்டமிடுங்க.

ஸ்லாப் நடுவில் தொங்கின மாதிரி இருக்கா, பெரிய பரப்பில் கம்பி வெளியே தெரியுதா, பீம் அல்லது தூணில் கம்பி போற திசையிலேயே நீளமா விரிசல் இருக்கா? அப்படின்னா அங்கேயே நிறுத்துங்க. ஹாலைப் பூட்டுங்க. கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ற வரை உள்ளே ட்யூஷனும் வேண்டாம், கேரமும் வேண்டாம். "இத்தனை வருஷமா நிக்குதே"ன்னு பெரியவங்க சொல்வாங்க. நிக்கறது உண்மைதான். எத்தனை நாள் நிக்கும்கறதுதான் கேள்வி.

கம்பி ஏன் துருப்பிடிக்குது?

முதல் வருஷ கெமிஸ்ட்ரியை ஒரு தடவை ஞாபகப்படுத்துவோம். புது கான்கிரீட் நல்ல காரத்தன்மை உள்ளது. பி.எச். 12.5-க்கு மேலேயே இருக்கும். அந்தக் காரத்தில் இரும்புக் கம்பி மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி கம்பியைக் காப்பாத்தும். அது இருக்கற வரை துரு கிடையாது.

காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மெதுவா கான்கிரீட்டுக்குள்ளே நுழையும். அங்கே இருக்கற கால்சியம் ஹைட்ராக்சைடோட சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகும். காரத்தன்மை குறையும். பி.எச். 9 பக்கம் இறங்கினா அந்தப் படலம் உடையும். அப்புறம் ஈரமும் ஆக்சிஜனும் கிடைச்சா துரு ஆரம்பம். கடலோர ஊர்னா இன்னும் வேகம், ஏன்னா குளோரைடு அந்தப் படலத்தை நேரடியாவே உடைக்கும்.

துரு, அது தின்ன இரும்பைவிட ரெண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். உள்ளே இடம் இல்லை. அதனால் மேலே இருக்கற கான்கிரீட்டைத் தள்ளிவிடும். சீலிங்கிலிருந்து பெயர்ந்து விழற துண்டுகள் இப்படி உள்ளேயிருந்து தள்ளப்பட்டவை. மேலே பூசினா நிற்காததுக்குக் காரணமும் இதுதான்: தள்ளற ஆள் இன்னும் உள்ளேயே இருக்கான்.

இன்னொரு கணக்கு. 8 மில்லிமீட்டர் கம்பி துருப்பிடிச்சு 6 மில்லிமீட்டர் ஆயிடுச்சுன்னு வைங்க. "ரெண்டு மில்லிமீட்டர்தானே"ன்னு தோணும். ஆனா சுமை தாங்கறது பரப்பளவு. அது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தா 0.56. கம்பியோட பலத்தில் 44 சதவீதம் போச்சு!

லேப் கொஞ்சம் ஒத்துழைச்சா ஒரு டெஸ்ட் செய்யலாம். டைட்ரேஷனில் சொட்டு சொட்டா விடுவோமே, பினாப்தலீன், அதை இப்போதான் உடைச்ச கான்கிரீட் முகத்தில் தெளிங்க. இளஞ்சிவப்பா மாறினா காரம் இன்னும் இருக்கு. நிறமே வராத ஆழம் வரை கார்பனேட் ஆகிடுச்சு. அந்த ஆழம் கம்பியைத் தொட்டுடுச்சான்னு ஸ்கேல் வச்சுப் பார்க்கலாம்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? பழைய சுண்ணாம்புப் பூச்சு வருஷம் போகப் போக கெட்டியாகறதுக்குக் காரணமும் இதே வினைதான். சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கல்லாகுது. சுவருக்கு வரம், கம்பிக்குச் சாபம்.

எல்லாத்துக்கும் மூலம் தண்ணிதான்

துருவுக்கும் ஈரம் வேணும், பூச்சு உப்பவும் ஈரம் வேணும், சுவிட்ச் போர்டில் ஷாக் அடிக்கவும் ஈரம் உதவும். அதனால் பழுதுபார்க்கறது எப்பவும் மேலேயிருந்து தொடங்கணும்.

மொட்டை மாடிக்குப் போங்க. முதலில் தண்ணி இறங்கற குழாய் வாயைப் பாருங்க. பத்து தடவையில் பல தடவை பிரச்சினை அங்கேதான்: காய்ஞ்ச இலை, பந்து, பாலிதீன் கவர். அடைச்ச குழாய் ஒரு மாடியைக் குளமாக்கும். அதைக் கையால் எடுத்துப் போட பைசா செலவில்லை.

அடுத்தது கைப்பிடிச் சுவரில் முளைச்ச அரசங்கன்று. பார்க்க அழகா, ஜம்முனு நாலு இலையோட நிற்கும். அதை வெடுக்குன்னு பிடுங்கினா வேர் உள்ளேயே அறுந்து மறுபடி தழைக்கும். ஜாயிண்டைக் கொஞ்சம் திறந்து வேரோட எடுத்துட்டு, கலவை வச்சு அடைக்கணும். ஸ்லாப் வரை போன பெரிய வேர்னா கொத்தனார்கிட்ட விடுங்க.

மூணாவது சரிவு. பத்தடிக்கு ரெண்டு அங்குலம் இறக்கம் இருந்தா தண்ணி தானா ஓடும். லெவல் டியூப் வச்சு நீங்களே பார்க்கலாம். தண்ணி தேங்கின இடத்தில் பாசி கறுத்திருக்கும், அதுவே காட்டிக்கொடுக்கும்.

இந்த வேலைகள் எல்லாம் வெயில் காலத்தில் முடியணும். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். புரட்டாசியில் நன்கொடை வசூலிச்சு ஐப்பசியில் தளம் போடற மன்றங்களுக்கு என் அனுதாபங்கள்.

எடைக் கணக்கு: யாருமே போடாத கணக்கு

ஹால் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம்னு வச்சுக்குவோம். மாடி 60 சதுர மீட்டர்.

எங்கே ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க குழாயை அடைச்சு மாடி முழுக்கத் தண்ணி நிறுத்திப் பார்க்கறது ஒரு வழக்கம். புதுக் கட்டடத்துக்குச் சரி. 50 மில்லிமீட்டர் தண்ணி நிறுத்தினா சதுர மீட்டருக்கு 50 கிலோ. 60 சதுர மீட்டருக்கு 3,000 கிலோ. மூணு டன்! துருப்பிடிச்ச ஸ்லாப் மேல் இந்தச் சோதனை வேண்டாம். பதிலா நனைச்ச கோணிச் சாக்கை ஒவ்வொரு இடமா விரிச்சு, ஒரு நாள் விட்டு, கீழே ஈரம் வருதான்னு பாருங்க. நேரம் ஆகும், ஆனா ஆபத்தில்லை.

அடுத்தது இன்னும் பெரிசு. ஒழுகற மாடிக்கு ஊரில் சொல்ற மருந்து, "மேலே இன்னொரு தளம் போட்டுடலாம்பா." செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு, தட்டோடு பதிக்கறது நல்ல முறைதான், வெயிலையும் தடுக்கும், மழையையும் தடுக்கும். ஆனா பழையதை எடுக்காம அது மேலேயே போட்டா? 75 மில்லிமீட்டர் கனம்னா 4.5 கன மீட்டர். கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,900 கிலோ. மொத்தம் எட்டரை டன். ஆள் ஏறிப் போகற மாடிக்கு நம்ம ஐ.எஸ். 875 சொல்ற நகரும் சுமையே சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோதான். ரெண்டாவது தளம் அந்த மொத்த ஒதுக்கீட்டையும் தானே தின்னுடும். அதுக்கு மேல் ஆடிக் கூழ் ஊத்த நூறு பேர் ஏறினா என்ன ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

அதனால் விதி ஒண்ணு: புதுத் தளம் போடணும்னா பழைய தளத்தை எடுத்துட்டுப் போடுங்க. எடுக்கற இடிபாட்டையும் மாடியிலேயே ஒரு மூலையில் குவிக்காதீங்க, அதுவும் சுமைதான். எடுக்க எடுக்க கீழே இறக்குங்க.

சுவர்: எந்த விரிசல் பேசுது?

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. வலைப்பின்னல் மாதிரி மயிரிழை விரிசல்கள் பூச்சு சுருங்கினதால் வர்றவை. பூச்சோட போயிடும்.

சுவரும் கூரையும் சேர்ற இடத்தில் படுக்கையா ஓடற விரிசல் பெரும்பாலும் வெயிலால். 10 மீட்டர் ஸ்லாப் 30 டிகிரி சூடு ஏறி இறங்கினா சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தினமும். அந்த இடத்தைச் சிமெண்ட் வச்சு எத்தனை தடவை அடைச்சாலும் திறக்கும். வளையக்கூடிய சீலண்ட் வைக்கணும், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சு சூட்டைக் குறைக்கணும்.

கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா, படிக்கட்டு மாதிரி செங்கல் ஜாயிண்ட் வழியா ஏறற விரிசல்தான் கவலைப்பட வேண்டியது. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். இப்பவும் நகருதா, பழைய காயமான்னு தெரிய ஒரு எளிய வழி: விரிசல் முடியற புள்ளியில் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதுங்க. குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒண்ணை ரெண்டு பக்கமும் ஒட்டி வைங்க. மாசங்கள் கழிச்சு, ஒரு மழைக்காலம் தாண்டிப் பாருங்க. கோடு தாண்டியிருந்தா, கண்ணாடி உடைஞ்சிருந்தா, அது உயிருள்ள விரிசல். பொறியாளரைக் கூப்பிடுங்க.

அப்புறம் ஓதம். தரையிலிருந்து மூணடி வரை பூச்சு பொரிஞ்சு, வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். மண்ணில் உள்ள தண்ணி செங்கலின் நுண்துளை வழியா மேலே ஏறுது. போகும்போது உப்பை விட்டுட்டுப் போகுது. இதுக்கு மேல் புட்டி, பெயிண்ட் எல்லாம் ஒரு மழைக்கு மேல் தாங்காது. முதலில் வெளியே சுவரோரம் மண் மேடு தட்டியிருந்தா வெட்டி இறக்குங்க, தண்ணி ஓட வாய்க்கால் விடுங்க. இதைத் தன்னார்வலர்களே செய்யலாம். சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டினதுன்னா பூச்சையும் சுண்ணாம்பிலேயே பூசச் சொல்லுங்க. ஈரம் வெளியே போக வழி கிடைக்கும். சிமெண்ட் பூசி மூடினா ஈரம் இன்னும் மேலே ஏறி வேற இடத்தில் வெளியே வரும்.

யார் எதைத் தொடலாம்?

எங்க முகாமில் நாங்க மூணு லிஸ்ட் போட்டு ஹால் கதவிலேயே ஒட்டினோம். அதை இங்கே தர்றேன்.

யார் வேணும்னாலும் செய்யலாம்: சாமான்களை வெளியே எடுக்கறது, மாடி சுத்தம், வாய்க்கால் வெட்டறது, அளவு எடுக்கறது, பூசின இடத்துக்குத் தண்ணி விடறது, தரைக் கழுவல், கடைசியில் பெயிண்ட்.

கொத்தனார் பக்கத்தில் இருந்தா செய்யலாம்: கலவை போடறது, பொரிஞ்ச சுவர்ப்பூச்சைக் கொத்தறது, சாரத்தில் ஏறி வேலை.

நாம தொடவே கூடாது: சீலிங் கான்கிரீட்டைக் கொத்தறது, தூண், பீம், சுமை தாங்கும் சுவரில் ஓட்டை போடறது, மின்சார வேலை.

சீலிங் பேட்ச் வேலை எப்படி நடக்கணும்னு தெரிஞ்சிருந்தா போதும், மேற்பார்வை பார்க்கலாம். முதலில் முட்டு கொடுக்கணும். கம்பிக்குப் பின்னால் வரை விரல் நுழையற அளவு கொத்தி எடுக்கணும். கம்பியை வயர் பிரஷால் தேய்ச்சு பளிச்னு கொண்டுவரணும், மெலிஞ்சிருந்தா பொறியாளர் சொல்படி புதுக் கம்பி சேர்க்கணும். துருத்தடுப்பு பிரைமர், அப்புறம் பாலிமர் கலந்த கலவை, அப்புறம் குறைஞ்சது ஏழு நாள் ஈரம். யாராவது முட்டுக் கொடுக்காம சுத்தியலோட ஏணியில் ஏறினா "அண்ணே, கொஞ்சம் இறங்குங்க"ன்னு தைரியமா சொல்லுங்க.

மின்சாரத்துக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேணும். அவர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க: எர்த் சரியா இருக்கா, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடறீங்களா? எம்.சி.பி. இருக்கேன்னு விட்டுடாதீங்க. எம்.சி.பி. வயரைக் காப்பாத்தும், கசியற கரண்ட் ஆளைத் தொட்டா வெட்டிவிடறது ஆர்.சி.சி.பி.தான். ஃபேன் கொக்கியையும் பார்க்கச் சொல்லுங்க, அதுவும் அதே துருப்பிடிச்ச ஸ்லாபில் இருந்துதான் தொங்குது.

கண்ணுக்குத் தெரியாத ரெண்டு ஆபத்து

பக்கத்து ஷெட்டோ வராந்தாவோ பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தா, அதை அறுக்காதீங்க, துளைக்காதீங்க, உடைக்காதீங்க, வயர் பிரஷால் தேய்க்காதீங்க. அந்த இழைத்தூசி நுரையீரலில் தங்கி பல பத்தாண்டு கழிச்சு புற்றுநோய் வரை கொண்டுபோகும். உடையாம இருக்கற ஷீட்டை அப்படியே விடறதுதான் உத்தமம். அது மேல் கால் வைக்கவே வேண்டாம், திடீர்னு உடைஞ்சு ஆளோட கீழே வரும்.

ரெண்டாவது, பழைய ஜன்னல் கம்பியில் உள்ள எனாமல் பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாதுங்கற விதி நம்ம நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதுக்கு முன்னால் அடிச்ச பெயிண்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ச்சா ஈயத்தூசி பறக்கலாம். தண்ணி தொட்டு ஈரத்தோட தேயுங்க, மாஸ்க் போடுங்க, சின்னப் பிள்ளைகளை அன்னைக்கு உள்ளே விடாதீங்க.

காசு, கூலி, சாவி

கொத்தனாரையும் சித்தாளையும் "ஊர் வேலைதானே, சும்மா செஞ்சு கொடுங்க"ன்னு கேட்காதீங்க. நமக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு; அவங்களுக்கு அது ஒரு நாள் சோறு. அவங்களா விட்டுக்கொடுத்தா வேற விஷயம். பட்ஜெட்டில் முதல் வரி கூலியா இருக்கட்டும், டி-ஷர்ட் கடைசி வரியா இருக்கட்டும்.

கட்டடம் யார் பேரில் இருக்குன்னும் பாருங்க. ஊராட்சி இடம்னா எழுத்தில் அனுமதி வேணும். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ல் கூடும். அங்கே மனு வச்சு தீர்மானம் போட்டா ஒன்றியப் பொறியாளரை வந்து பார்க்கச் சொல்லவும் வழி பிறக்கும். வரவு செலவை ஹால் சுவரிலேயே ஒட்டிடுங்க. பாதிச் சண்டை அதோட தீரும்.

கடைசியா சாவி. கட்டடம் சரியானதும் அது யார் கையில் இருக்கும்? எத்தனை மணி வரை திறந்திருக்கும்? பொண்ணுங்க வந்து உட்கார்ந்து படிக்க முடியுமா, அவங்களுக்குக் கழிவறை இருக்கா? எந்தத் தெருப் பிள்ளையும் தயங்காம உள்ளே வருமா? வாசலில் 12-க்கு 1 சரிவில் ஒரு சாய்தளம் இருந்தா சக்கர நாற்காலியில் இருக்கற அண்ணனும் வரலாமே. இதுக்கெல்லாம் பதில் இல்லாம சுவரை மட்டும் சரிசெஞ்சா, நாலு பேர் சீட்டாட ஒரு நல்ல ரூம் கட்டிக் கொடுத்த மாதிரிதான்.

வரிசையை மட்டும் மறக்காதீங்க

பார்வை, தண்ணி, கம்பியும் கான்கிரீட்டும், பூச்சு, மின்சாரம், பெயிண்ட். இந்த வரிசை மாறினா செஞ்சதையே மறுபடி உடைக்க வேண்டி வரும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு சின்ன வீட்டுப்பாடம்: உங்க மன்ற ஹாலின் நீள அகலத்தை எடுங்க, மாடியில் எத்தனை அடுக்குத் தளம் இருக்குன்னு விளிம்பில் பாருங்க, மேலே சொன்ன எடைக் கணக்கைப் போடுங்க. சீலிங்கில் துருக் கறை தெரிஞ்சா தேதியோட போட்டோ எடுத்து மன்றத் தலைவர்கிட்டயும் ஊராட்சியிலயும் காட்டுங்க. அதுக்கு நீங்க சிவில் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்லை.